கிங்ஸ்பரியில் ஒரு பழைய வீட்டைத் தொடுவதற்கு முன்

லண்டனில் வீடு வாங்கும் எம்மவர்கள் பலருக்கு ‘லிஸ்டட் பில்டிங்’ (அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம்) என்ற சொல் முதன்முதலில் சொலிசிட்டரின் கடிதத்தில்தான் கண்ணில் படும். அதற்குள் எந்த அறை யாருக்கு, திரைச்சீலை என்ன நிறம் என்பதெல்லாம் வீட்டில் முடிவாகியிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா நகரின் வேறொரு மூலையில் பழைய வீடொன்று வாங்கினார். மரச்சட்ட யன்னல்களின் இடுக்கால் மாரிக்காலம் முழுக்கக் காற்று வந்தது. யன்னல் விற்க வந்தவர் “அனுமதி ஒன்றும் தேவையில்லை” என்றார். வெள்ளைப் பிளாஸ்டிக் யன்னல்கள் வந்து இறங்கின. சில மாதங்களில் கவுன்சிலின் கடிதமும் வந்தது. “தம்பி, உது உக்கிப்போன யன்னல்தானே, என்ர காசில மாத்தினா அவைக்கு என்ன?” என்று போனில் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடப் போய்ச் சேர்த்ததுதான் இந்த வழிகாட்டி.

உதாரணத்துக்கு வடமேற்கு லண்டனின் கிங்ஸ்பரியை எடுத்துக்கொள்கிறேன். முன்பு மிடில்செக்ஸ் மாவட்டத்தில் தனிப் பாரிஷாக இருந்த ஊர் இது. பாரிஷ் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய சொல் உண்டு: கோயிற்பற்று. ஒரு கோயிலைச் சுற்றிய நிலமும் குடியும் சேர்ந்த நிர்வாகப் பிரிவு. 1932இல் ரயில் வந்தது, வயல்களில் வீடுகள் முளைத்தன, 1965இல் ஊர் பிரென்ட் பரோ என்ற லண்டன் நிர்வாகப் பிரிவுக்குள் போனது. பழைய கோயிற்பற்றின் எலும்புகள் மட்டும் இன்னும் வெளியே தெரிகின்றன.

சட்டம் பற்றி இங்கே நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்தில் வேறு அமைப்பு, தரங்களின் பெயர்கூட வேறு.

முதலில் எந்த வலைக்குள் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

ஒரு பழைய கட்டடத்தின்மேல் மூன்று விதமான பாதுகாப்பு விழலாம். மூன்றையும் ஒன்றென்று நினைப்பதுதான் எம்மவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை.

ஒன்று, தேசியப் பட்டியல். ஹிஸ்டோரிக் இங்கிலண்ட் என்ற அமைப்பு இதைப் பராமரிக்கிறது. எதைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பவர் பண்பாட்டுத் துறை அமைச்சர். இதில் இருப்பதைத்தான் ‘லிஸ்டட்’ என்கிறோம். இரண்டாவது, கன்சர்வேஷன் ஏரியா. இது தனிக் கட்டடத்துக்கானது அல்ல, ஒரு தெரு அல்லது குடியிருப்பின் மொத்தத் தோற்றத்துக்கானது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி செய்தது. எல்லையை வரைவது கவுன்சில். மூன்றாவது, கவுன்சில் தானே வைத்திருக்கும் லோக்கல் லிஸ்ட். இதற்குச் சட்ட வலு குறைவு. ஆனால் திட்ட அனுமதி கேட்டுப் போகும்போது இதையும் எடைபோடுவார்கள்.

அக்காவின் வீடு லிஸ்டட் அல்ல. கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் இருந்தது. அங்கே ‘ஆர்ட்டிக்கிள் 4’ என்றொரு உத்தரவும் இருந்தது. சாதாரண வீட்டுக்காரர் அனுமதி கேட்காமல் செய்யக்கூடிய யன்னல், கதவு, கூரை ஓடு, முன்மதில் மாற்றங்களை அந்த உத்தரவு தடுக்கும். விற்பனைக்காரர் சொன்னது அடுத்த தெருவுக்குச் சரியாக இருந்திருக்கும்.

கிங்ஸ்பரியில் இந்த இரண்டாம் வகையைப் பார்க்க ரோ கிரீன் வில்லேஜுக்குப் போக வேண்டும். முதலாம் உலகப்போரின் கடைசிக் காலத்தில், பக்கத்திலிருந்த ஏர்கோ விமானத் தொழிற்சாலையின் தொழிலாளருக்காக சர் ஃபிராங்க் பெய்ன்ஸ் வடிவமைத்த குடியிருப்பு அது. வீடுகள் சின்னவை, செங்கல், புல்தரை, வேலி. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பிரமாதமில்லை. சேர்த்துப் பார்த்தால் ஒரு கிராமம். ஒரு வீட்டுக்காரர் மட்டும் வேலியைப் பிடுங்கிக் கார் நிறுத்தச் சீமெந்து போட்டாலும் அந்தச் சேர்க்கை கலைந்துவிடும் என்பதுதான் சட்டத்தின் கவலை. இப்படியான இடத்தில் மரம் வெட்டக்கூட ஆறு வாரம் முன்னதாகக் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். உங்கள் சொந்தக் காணி, நீங்கள் நட்ட மரம், எல்லாம் சரிதான், அறிவிக்கத்தான் வேண்டும்.

பட்டியலில் தேடுதல்

தேசியப் பட்டியல் முழுவதும் இணையத்தில் இலவசம். ஊர்ப் பெயரைத் தட்டித் தேடலாம், வரைபடத்தில் புள்ளியைத் தொட்டும் பார்க்கலாம். வரைபடமே நல்லது. விலாசங்கள் மாறியிருக்கும், தெருப் பெயர்கூட மாறியிருக்கும். புள்ளி பெரும்பாலும் இடத்தில்தான் நிற்கும். லோக்கல் லிஸ்டும் கன்சர்வேஷன் எல்லைகளும் இதில் முழுதாக வராது, அவற்றைக் கவுன்சிலின் தளத்தில் பாருங்கள். இரண்டு இடத்திலும் தேடியபின்தான் “எங்கள் வீட்டுக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லலாம்.

இங்கிலாந்து முழுவதும் ஏறத்தாழ 4 லட்சம் பதிவுகள் இருக்கின்றன. பதிவு என்றால் ஒரு கட்டடம் என்று கொள்ள வேண்டாம். இருபது வீடுகள் கொண்ட ஒரு வரிசை ஒரே பதிவாக இருக்கலாம், ஒரு கல்லறைக்கே தனிப் பதிவு இருக்கலாம். 1935இல் கைல்ஸ் கில்பர்ட் ஸ்கொட் வடிவமைத்த சிவப்புத் தொலைபேசிக் கூடுகள் பலவும் பட்டியலில் உண்டு. ஏபி ரோட்டில் சுற்றுலாப் பயணிகள் வரிசையாக நடந்து படமெடுக்கும் அந்த வெள்ளைக் கோட்டுக் கடவைகூட 2010இல் சேர்ந்துவிட்டது. மாளிகை மட்டும்தான் இதில் வரும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

எப்படித் தெரிவு செய்கிறார்கள்? 1700க்கு முந்தியது ஓரளவு மூல உருவத்தில் நின்றால் கிட்டத்தட்ட எல்லாம் சேரும். 1700இலிருந்து 1850வரை கட்டியதில் பெரும்பாலானவை. அதற்குப் பிந்தியதற்குச் சல்லடை இறுகும். 30 வயதுக்குக் குறைந்த கட்டடம் சேர வேண்டுமானால் அது மிகச் சிறப்பாக இருக்க வேண்டும், இடிபடும் ஆபத்திலும் இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியல் பிறந்ததே குண்டுவீச்சில்தான். போரில் சேதமான கட்டடங்களில் எதைக் காப்பாற்றுவது, எதை இடிப்பது என்று தீர்மானிக்க எழுதத் தொடங்கிய குறிப்புகள் 1944, 1947 சட்டங்கள் வழியாக நிரந்தரமாயின. பிறகு 1980 ஆகஸ்டில் ஒரு சம்பவம். மேற்கு லண்டனின் கிரேட் வெஸ்ட் ரோட்டில் 1928இல் எழுந்த ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலை பட்டியலில் சேர இருந்தது. கையெழுத்து விழுமுன் வங்கி விடுமுறை வார இறுதியில் அதன் முகப்பை இடித்துத் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இரு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலக் கட்டடங்களை அவசரமாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். கிங்ஸ்பரி போன்ற புறநகர்களுக்கு இது முக்கியம். இங்கே நிற்பதில் பெரும்பகுதி அந்தக் காலத்ததுதான்.

பதிவை வாசித்தல்

ஒவ்வொரு பதிவிலும் ஓர் எண், ஒரு தரம், முதலில் சேர்த்த திகதி, ஒரு விவரணை இருக்கும். திகதியை முதலில் பாருங்கள். 1950களிலோ 1970களிலோ எழுதிய பதிவானால் விவரணை நாலே வரி இருக்கும்: இத்தனை மாடி, செங்கல், ஓட்டுக் கூரை, மேலும் கீழும் இழுக்கும் சாஷ் யன்னல். “உள்ளே பார்வையிடப்படவில்லை” என்றும் பலவற்றில் இருக்கும்.

இந்த நாலு வரியை வைத்துச் சிலர் ஒரு வாதம் பேசுவார்கள்: “பதிவில் முகப்பைப் பற்றி மட்டும்தானே இருக்கிறது, உள்ளே என்ன செய்தாலும் கேட்க மாட்டார்கள்.” முழுப் பிழை. அந்த வரிகள் கட்டடத்தை அடையாளம் காட்டத்தான். பாதுகாப்பு முழுக் கட்டடத்துக்கும், உள்ளும் புறமும். படிக்கட்டு, கதவு, நெருப்பிடம், கூரைப் பூச்சு எல்லாம் அடக்கம். கட்டடத்தோடு பொருத்தியவையும், அதன் வளவுக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் மதில், கொட்டில் போன்றவையும் சேர்த்தி. 2013க்குப் பிந்திய பதிவுகளில் மட்டும் “இந்தப் பகுதிக்குப் பாதுகாப்பில்லை” என்று வெளிப்படையாக விலக்கு எழுத வழியுண்டு. எழுதாவிட்டால் விலக்கில்லை.

தரம் மூன்று. கிரேட் 1 மொத்தத்தில் 2.5 வீதம், கிரேட் 2 ஸ்டார் 5.8 வீதம், மீதி 91.7 வீதமும் கிரேட் 2. “கிரேட் 2தானே, பரவாயில்லை” என்று சொல்லும் வீட்டு முகவரை நம்ப வேண்டாம். அனுமதி எடுக்க வேண்டிய கடமை மூன்றுக்கும் ஒன்றே. விண்ணப்பத்தை எவ்வளவு கண்டிப்பாக, யார் யாரைக் கேட்டுப் பார்ப்பார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

வாங்குவதற்கு முன்

சொலிசிட்டர் உள்ளூர் தேடுதல் எடுக்கும்போது லிஸ்டட் விவரம் வெளிவரும். அத்தோடு நிறுத்தாமல் இன்னொரு கேள்வியையும் அவர் மூலம் எழுத்தில் கேளுங்கள்: இந்த வீட்டில் முன்பு செய்த மாற்றங்களுக்கு அனுமதி இருக்கிறதா, கடிதங்கள் எங்கே?

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அனுமதியில்லாத வேலையைச் செய்தவர் போய்விடுவார், பொறுப்பு கட்டடத்தோடு நிற்கும். பழையபடி ஆக்கு என்ற உத்தரவு இப்போதைய உரிமையாளருக்குத்தான் வரும். சாதாரண திட்ட மீறலுக்கு இத்தனை வருடம் கடந்தால் தப்பலாம் என்ற காலக்கெடு உண்டு. லிஸ்டட் கட்டடத்துக்கு அது கிடையாது. முப்பது வருடத்துக்கு முன் யாரோ பிடுங்கிய நெருப்பிடத்துக்கு நீங்கள் பதில் சொல்ல நேரலாம். விலை பேசும்போது இதைப் பேசுங்கள், பிறகு பேசிப் பயனில்லை.

வாங்குமுன் வீட்டின் நிலையைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரைத் தெரிவு செய்யும்போதும் பழைய கட்டடத்தில் அனுபவம் உள்ளவரா என்று கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு லிஸ்டட் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எரிந்துபோனால் அதே பொருளில் திரும்பக் கட்ட ஆகும் செலவு சந்தை விலையைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

வேலை தொடங்குமுன்

எதற்கு அனுமதி வேண்டும்? கட்டடத்தின் சிறப்பைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும். எங்கள் வீடுகளில் நடக்கிற கதையாகவே சொல்கிறேன். சாமி அறைக்கு ஒரு தடுப்புச் சுவரை எடுப்பது, மிளகாய் வறுக்கும் நெடி போக எக்ஸ்ட்ராக்டர் ஃபானுக்குச் சுவரில் ஓட்டை போடுவது, தமிழ் அலைவரிசைக்காக முகப்பில் டிஷ் மாட்டுவது, கூரையில் சூரியத் தகடு, சமையலறையையும் சாப்பாட்டறையையும் ஒன்றாக்குவது. லிஸ்டட் வீட்டில் இவை எல்லாவற்றையும் கேட்டுவிட்டே செய்ய வேண்டும். உடைந்த ஓட்டுக்கு அதே ஓடு, உக்கிய மரத்துக்கு அதே மரம், அதே வடிவம் என்று பழுது பார்ப்பதற்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. இதில் எல்லை எங்கே என்பதில் சந்தேகம் வந்தால் கவுன்சிலின் கன்சர்வேஷன் அதிகாரிக்கு மின்னஞ்சல் போடுங்கள். தொலைபேசியில் கேட்டால் பதில் கிடைக்கும், சாட்சி கிடைக்காது.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பலருக்கு இது தெரியாது. பயந்தே ஒளித்துச் செய்கிறார்கள். ஆனால் அளவுத் திட்டப்படமும், கட்டடத்தின் சிறப்பு என்ன, உங்கள் வேலை அதை எப்படித் தொடுகிறது என்று விளக்கும் அறிக்கையும் வேண்டும், அவற்றை வரையவும் எழுதவும் செலவாகும். முன்னாலோசனைக்குப் பல கவுன்சில்கள் காசு வாங்கும். அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள், நிராகரிப்பைவிட மலிவு. முடிவுக்கு வழக்கமான காலம் எட்டு வாரம். மறுத்தால் ஆறு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். வெளியே நீட்டிக் கட்டுகிறீர்கள் என்றால் சாதாரண திட்ட அனுமதியும் பெரும்பாலும் தனியாக வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு.

அனுமதியில்லாமல் செய்தால் அது குற்றவியல் குற்றம். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடம்வரை சிறை, எல்லையில்லாத அபராதம். “தெரியாமல் செய்துவிட்டேன்” என்பது தப்பும் வழியல்ல. வேலை செய்த கொந்தராத்துக்காரரும் மாட்டுவார். அதனால் நல்ல கொந்தராத்துக்காரர் அனுமதிக் கடிதத்தைத் தானாகவே கேட்பார். கேட்காதவரை வேலைக்கு எடுக்காதீர்கள்.

பழைய ஆட்கள் சொல்லும் ஒரு யோசனையும் காலாவதியாகிவிட்டது. லிஸ்டட் வீட்டில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றத்துக்கு வற் வரி இல்லை என்பார்கள். அது 2012 அக்டோபருடன் போய்விட்டது.

குளிருக்கு என்ன செய்வது? இரட்டைக் கண்ணாடி யன்னலுக்கு அனுமதி கிடைப்பது பல இடங்களில் கடினம். பழைய யன்னலை அப்படியே வைத்து, உட்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் போடும் முறைக்கு அதிகாரிகள் பெரும்பாலும் இசைவார்கள். இடுக்குகளுக்குத் தூரிகை நாடா அடித்தாலே பாதிக் காற்று நிற்கும். தடித்த திரைச்சீலைக்கு எந்த அதிகாரியின் கையெழுத்தும் தேவையில்லை.

சுண்ணாம்பு

இதற்குத் தனி இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் நல்ல மனத்தோடு பழைய வீட்டைக் கெடுப்பது சீமெந்துதான்.

யாழ்ப்பாணத்தின் பழைய நாற்சார் வீடுகளைக் கட்டிய மேசன்மாருக்கு இது பாடமே இல்லை. இந்த ஊரிலும் பழைய செங்கல் வீடுகளைக் கட்டியவர்கள் சுண்ணாம்புச் சாந்தைத்தான் பயன்படுத்தினார்கள். சுவர் ஒரே தடிப்பு, நடுவில் இடைவெளி கிடையாது. மழையில் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயிலிலும் காற்றிலும் அந்த ஈரம் சாந்து வழியாக வெளியேறும். சாந்து செங்கல்லைவிட மெதுமையாக இருப்பதால் கட்டடம் சற்று அசைந்தாலும் வெடிப்பு சாந்தில் விழும், கல்லில் விழாது.

அதன்மேல் சீமெந்துச் சாந்தைப் பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைபடும். வழி தேடி அது செங்கல்லுக்குள் ஒதுங்கும். மாரியில் உறையும்போது விரிந்து செங்கல்லின் முகத்தையே பெயர்த்தெறியும். உள்ளே சுவரில் கறை, பூஞ்சணம். “டாம்ப்” (ஈரக்கசிவு) என்று சொல்லி ஆள் வரும், இன்னொரு அடுக்கு பூசுவார், இன்னும் மோசமாகும். நான் பார்த்த வீடொன்றில் மூன்று தலைமுறைச் சீமெந்து ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. முழுவதையும் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசிய பிறகுதான் அந்தச் சுவர் காய்ந்தது. அதுவும் உடனே இல்லை. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல. சுண்ணாம்பு வேலைக்காரருக்குக் கூலி கூடுதல், உறைபனிக் காலத்தில் வேலை செய்யவும் முடியாது. வசந்தத்துக்குப் பிறகு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நடந்து பாருங்கள்

இந்தச் சட்டமெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். ஒரு சனிக்கிழமை காலை போதும். கிங்ஸ்பரி ரயில் நிலையத்தில் இறங்கி, கடைத்தெருவைத் தாண்டிக் கிங்ஸ்பரி ரோட்டில் கிழக்கே நடங்கள். இடப்பக்கம் ரோ கிரீன் பூங்கா வரும். இங்கே கிங்ஸ்பரி மேனர் வளவில்தான் தொலைக்காட்சி முன்னோடி ஜோன் லோகி பேர்ட் 1920களின் கடைசியில் தன் சோதனைகளை நடத்தினார். பூங்காவின் பின்புறம் நான் சொன்ன விமானத் தொழிலாளர் கிராமம்.

அங்கிருந்து பக் லேன் பக்கம் திரும்பினால் சிரிப்பு வரும். புறநகர்ச் சந்தியில் கோட்டை கொத்தளம், கொடிமரம் வைக்கத் தோதான கோபுரம். அது அடுக்குமாடி ஃபிளட் வீடுகள்! பெல்ஃபாஸ்டில் பிறந்த ஏர்னஸ்ட் ட்ரோபிரிட்ஜ் என்ற கட்டடக் கலைஞர் 1930களில் கட்டியவை. முதலாம் உலகப்போருக்குப் பின் செங்கல்லும் கூலியும் ஏறியிருந்த காலத்தில் இவர் பச்சை எல்ம் மரத்தைக் கொண்டு, ஓலைக்கூரை போல வைக்கோல் வேய்ந்த மலிவு வீடுகளைக் கட்டத் தொடங்கினார். ஸ்லவ் லேன் பக்கம் போனால் அவற்றையும் பார்க்கலாம். இவருடைய சில கட்டடங்கள் பட்டியலில் உள்ளன. எது பட்டியலில், எது வெறும் கன்சர்வேஷன் ஏரியாவில் என்று கைத்தொலைபேசி வரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஒரே ஆள் கட்டிய பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குச் சட்டம் வேறு வேறாக இருப்பது அப்போது விளங்கும். இவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நடைபாதையில் நின்று பாருங்கள், வேலிக்கு மேலால் எட்டிப் படமெடுக்க வேண்டாம்.

கடைசியாகச் சேர்ச் லேன் வழியே தெற்கே இறங்குங்கள். ஒரே வளவுக்குள் புனித அந்திரேயாவின் பெயரில் இரண்டு தேவாலயங்கள். ஊர் வடக்கே ரயிலடிக்கு நகர்ந்துவிட்டதால் கோயிற்பற்றின் கோயில் கடைத்தெருவிலிருந்து இவ்வளவு தூரம் ஒதுங்கி நிற்கிறது. சிறியது மத்திய காலத்தது, கிரேட் 1. வழிபாட்டுத் தேவை போன பழைய ஆலயங்களைப் பராமரிக்கும் சேர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்டின் பொறுப்பில் இருக்கிறது. பெரியது இந்த ஊரில் கட்டப்பட்டதே அல்ல. 1840களில் நகரின் நடுவே மேரிலபோனின் வெல்ஸ் ஸ்ட்ரீட்டில் எழுந்தது. அங்கே சனம் குறைய, இங்கே புதுக் குடியேற்றத்துக்குச் சின்னக் கோயில் போதாமல் போக, அதைக் கல்லுக் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து 1930களில் திரும்பக் கட்டினார்கள். அதன் தரம் என்ன, முதலில் சேர்த்த திகதி என்ன என்று அங்கே நின்றபடியே பட்டியலில் தேடிப் பழகுங்கள்.

இங்கிலாந்துத் திருச்சபை வழிபாட்டுக்குப் பயன்படுத்தும் ஆலயங்களுக்குக் கவுன்சிலின் லிஸ்டட் அனுமதி வேண்டியதில்லை. அதற்குப் பதில் மறைமாவட்டத்தின் தனி நீதிமன்ற அனுமதி உண்டு, ‘ஃபாக்கல்ட்டி’ என்பார்கள். ஒரு வாங்கை அகற்றவும் அது தேவைப்படலாம்.

உள்ளே போக விரும்பினால் முன்கூட்டியே திறக்கும் நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். செப்டெம்பரில் ஓப்பன் ஹவுஸ் நாட்களில் லண்டன் முழுக்க வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல கட்டடங்களைத் திறந்துவிடுவார்கள். பூட்டியிருந்தாலும் சின்னக் கோயிலைச் சுற்றி ஒரு நடை நடங்கள். கரடுமுரடான கல்லுக்கு நடுவே தட்டையான சிவப்புத் துண்டுகள் அங்கங்கே தெரியும். ரோமர் காலத்து ஓடும் செங்கல்லும் அவை. இடிந்து கிடந்ததைப் பொறுக்கிவந்து சுவரில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த மேசன்மார் யாரிடமும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள்.